நெருள் விலாசம்

கொரோனா வந்த வருஷம் என் தம்பி சிறையில் விசாரணைக் கைதியாக இருந்தான். மும்பை தாராவியில் அவன் வேலை பார்த்த தோல் பட்டறையில் நடந்த அடிதடி வழக்கு. தீர்ப்பு இன்னும் வரவில்லை. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு மூச்சிரைப்பு உண்டு. இடித்துக்கொண்டு படுக்கும் அந்த அறைக்குள் நோய் புகுந்தால் தாங்கமாட்டான் என்று சொல்லி இடைக்கால ஜாமீன் கேட்டோம்.

வக்கீலம்மா முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். “தாராவி விலாசம் வேண்டாம். அங்கதான் நோய் ரொம்பப் பரவிக் கிடக்கு. அதுக்கு ஜெயிலே தேவலைன்னுடுவாங்க.” கடலுக்கு அந்தப் பக்கம், நவி மும்பை நெருளில் இருக்கும் சித்தி வீட்டு விலாசத்தைக் கொடுத்தோம். இதில் எங்களுக்கு என்ன கூச்சம்? வேலை கேட்கப் போனாலும் பெண் பார்க்கப் போனாலும் தாராவி என்று சொல்லாமல், பக்கத்தில் வசதியானவர்கள் இருக்கும் மாட்டுங்காவில் வீடு என்றுதான் நாங்கள் சொல்வோம். தம்பி அதில் மகா கெட்டிக்காரன். அங்கே கிங்ஸ் சர்க்கிளில் எந்த ஓட்டலுக்குப் பின்னால் வீடு என்பதுவரை அளந்துவிடுவான்.

விசாரணை வீடியோவில் நடந்தது. என் போனில் எங்களையும் சேர்த்துவிட்டிருந்தார் வக்கீலம்மா. அவன் பாதியாக இளைத்திருந்தான். அம்மா போனைப் பிடுங்கி முகத்தோடு வைத்துக்கொண்டாள். அரசு வக்கீல் எதிர்த்துப் பேசி முடித்ததும், வெளியே விட்டால் எங்கே போவாய் என்று நீதிபதி அவனிடமே கேட்டார்.

“வீட்டுக்கு, சாஹேப்” என்றான் இந்தியில். “தாராவிக்கு. அம்மாகிட்ட.”

மனு தள்ளுபடியானது. தாராவியைவிடச் சிறையில் அவன் பத்திரமாக இருப்பான் என்றார் நீதிபதி. எனக்குத் தம்பிமேல்தான் பற்றிக்கொண்டு வந்தது. நீதிபதிமேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?

அடுத்த வாரம் சிறையிலிருந்து போனில் பேசினான். எடுத்ததுமே கேட்டேன்.

“ஏம்ல, ஊரெல்லாம் மாட்டுங்கான்னு அளப்பியே. அன்னைக்கு நெருள்னு சொல்ல வாய் வரலையா ஒனக்கு?”

“சொல்லணும்னுதான் நெனச்சேன், எக்கா. அம்மா மொகம் தெரிஞ்சிட்டு. அப்பொறம் ஒண்ணும் ஓடல.”

திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன். அதற்குள் அவன் இருமிக்கொண்டே பேசினான்.

“எக்கா, அங்கன ரொம்ப மோசம்னு ஜட்ஜே சொல்லுதாரு. அம்மாவக் கூட்டிக்கிட்டு எங்கயாச்சும் போயிரு. அங்க இருக்காதீய.”

அன்று காலையில்தான் எங்கள் சந்தின் இரண்டு முனையையும் மூங்கில் கட்டி அடைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டில் ஒருவருக்கு நோய். பால் வாங்கக்கூட வெளியே விடவில்லை.

“சரில” என்றேன். “நாளைக்கே போயிருதோம்.”