விடைபெறத் தெரியாத இயந்திரம்

என் அக்காவுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. கிரீஸ் கையோடு வீட்டுக்கு வருவாள், கை கழுவுவாள், சமையலறை மேஜையில் உட்கார்ந்து காகிதத்தில் விண்கலம் விடுவாள். பத்திரிகைகளில் நிறைய கதை வந்திருக்கிறது. முதல் வாசகன் நான். சம்பளம் கிடையாது, டீ உண்டு.

அவளுக்கு ஒரு சட்டம். "ஒரு கதைக்கு ஒரு பொய்தான்டா. மத்ததெல்லாம் ஆள் ஏறி நின்னா தாங்கணும்." ராக்கெட்டை எவன் வேண்டுமானாலும் பறக்க விடலாம், ஏறிப் போகிறவன் வீட்டில் யாரை விட்டுவிட்டுப் போகிறான் என்பதுதான் கதை என்பாள். நான் கொட்டாவி விடுவேன். ஆனாலும் அவள் சொல்வது சரிதான்.

இந்த முறை அவள் எடுத்துக்கொண்ட பொய், பொய்யே சொல்ல வராத ஓர் இயந்திரம். தாயில்லாத குழந்தையை அது வளர்க்கிறது. பிறகு அந்த இயந்திரத்தை வேறு கிரகத்துக்கு அனுப்புகிறார்கள். திரும்பும் வழி கிடையாது. வாசலில் நின்று விடைபெற வேண்டும். அங்கே இயந்திரம் 'போறேன்' என்று சொல்வதாக எழுதியிருந்தாள்.

"வாசல்ல நின்னுக்கிட்டு எவனாவது 'போறேன்'னு சொல்லுவானாக்கா? கேக்கவே நல்லா இல்ல."

"'வரேன்'னு சொன்னா பொய்யாயிடுமேடா. அதுதான் வராதே."

"அப்ப பேசாம போகட்டும்."

"வளர்த்த பிள்ளைகிட்ட பேசாம போகுமா?"

அத்தோடு கதை நின்றது. காரணம் எனக்குத் தெரியும். அவள் மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது. "ரெண்டு வருஷம்தாம்மா" என்று சொல்லிக்கொண்டே பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். ரெண்டு வருஷத்துக்குப் போகிறவள் சின்ன வயசுப் படங்களை ஏன் எடுத்து வைக்கிறாள்? மாமா காலமான பிறகு அக்காவுக்கு இருப்பது அவள் ஒருத்திதான். திரும்பி வருவாயா என்று கேட்கத் தைரியமில்லை. லிஃப்ட் கூண்டின் மேல் கூசாமல் நிற்பவள் ஒரு கேள்விக்குப் பயந்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

"அவகிட்டயே குடு. அந்த வரிய அவ எழுதட்டும்" என்றேன்.

கொடுத்தாள். மகள் மேஜையிலேயே உட்கார்ந்து படித்தாள். முடித்த பிறகும் தலை நிமிரவில்லை. கதை யாரைப் பற்றியது என்று புரியாத அளவுக்கு அவள் மக்கு இல்லை. அம்மாவின் பேனாவை வாங்கி, 'போறேன்' என்பதை அடித்துவிட்டு, மேலே எழுதினாள்.

'நீ வா.'

அக்கா படித்தாள். 'வரேன்' என்று எழுதவில்லை; மகள் திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்துவிட்டது. அழுதாள், மறைக்கவில்லை. மகளும் அழுதாள். நான் டீ போட எழுந்தேன், வேறென்ன செய்வது.

"நல்லா இருக்குடி" என்றாள் அக்கா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. தாளை இழுத்து, கீழே குழந்தையின் பதிலை எழுதினாள். எழுதியதை மகளின் முகத்தைப் பார்த்து வாய்விட்டும் சொன்னாள்.

"வரேன்."