வெட்டக்கூடாத தோல்

சுன்னத் செய்யும் மார்க்கக் கல்யாணத்தன்று வாப்பா எனக்குப் போட்டுவிட்ட பச்சைப் பட்டுச் சட்டை கழுத்தில் அரித்துக்கொண்டே இருந்தது. எனக்கு ஆறு வயது. மாமா மகனுக்கும் எனக்கும் மாலை போட்டு, தாராவிச் சந்துகளில் கொட்டடித்து ஊர்வலம் விட்டார்கள்.

நான் பிறந்தபோதே முன்தோல் பாதிதான் இருந்ததாம். "வானத்து மலக்குமாரே சுன்னத்துச் செஞ்சு அனுப்பியிருக்காங்க" என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் உம்மாவிடம் சொல்லிப் பூரித்தார்கள். சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் அடியில் இருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. நின்றுகொண்டு போனால் எனக்குக் கால் நனையும். சந்துப் பையன்கள் சிரிப்பார்கள். உம்மாதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டர் வாப்பாவை வரவழைத்து, இருக்கிற கொஞ்சத் தோலை வைத்துத்தான் புதுவழி தைக்க வேண்டும், அதுவரை யாரும் கத்தி வைக்கக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். வாப்பா தலையாட்டினார். தோல் பட்டறைக்காரர் அவர். பெல்ட் வெட்டும்போது விரலகலத் துண்டைக்கூட வீணாக்காத மனிதருக்கு இது புரியாமலா போகும்?

ஊர்வாய்தான் அவருக்குத் தாங்கவில்லை. "இவனுக்கு மட்டும் ஏன் தள்ளிப் போடுதீய? பிள்ளைக்கு ஏதும் குறையா?" என்று மாமா நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். அன்றே நாள் குறித்தாயிற்று. சுன்னத் செய்ய வந்த பெரியவர்கூட என்னைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார்.

"இது ஆஸ்பத்திரியில பாக்க வேண்டியது, பாய். எனக்கு வேண்டாம்."

"சனமெல்லாம் வந்தாச்சு. என் மானத்த வாங்காதீரும். வெட்டும்வே" என்றார் வாப்பா.

ஆறு மாதம் கழித்து டாக்டர் பார்த்தார். "இனி எதை வைத்துத் தைப்பது?" என்று கேட்டார். "அல்லா நாடினது" என்றார் வாப்பா. அல்லாவை ஏன் இழுக்க வேண்டும்? நாடியது வாப்பா. கையிலிருந்து தோலெடுத்துத் தைத்தார்கள்; இரண்டு தடவை பிரிந்தது, மூன்றாம் தடவை ஒழுகியது. பிற்பாடு வந்த கல்யாணப் பேச்சையெல்லாம் நானே தட்டிக்கழித்தேன். ஏன் என்று வாப்பா ஒருநாளும் கேட்டதில்லை.

பல வருஷம் கழித்து, செம்பூரில் இருந்த என் தங்கையின் மகனும் அதே குறையோடு பிறந்தான். ஒரே ஆபரேஷனில் சரியாகிவிட்டது. பார்க்க வந்த சொந்தங்களிடம் வாப்பா கட்டிலருகே நின்று சொன்னார்: "டாக்டர் சொல்லுத வரைக்கும் பிள்ள மேல கத்தி படக்கூடாதுன்னு நாந்தான் தடுத்தேன்."

"பாய் விவரமானவரு" என்றார்கள் எல்லோரும். அந்த விவரத்தை அவர் என் உடம்பில் படித்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு தடவையாவது என் பக்கம் திரும்புவார் என்று பார்த்தேன். திரும்பவில்லை. அவருடைய கபரில் மூன்று பிடி மண் போட்டபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.