நான்கு தட்டு

சம்பூர்ணம் தொடையில் நான்கு முறை தட்டினாள். பாடகர் குழுவில் மற்ற பதினோரு பேரும் வாயை மூடிக்கொண்டு கூடவே தட்டினார்கள். அதுவரை கீபோர்டு மட்டும் ஒலித்தது. பிறகு எல்லோரும் அடுத்த வரியைப் பிடித்துக்கொண்டார்கள்.

அல், லே, லூ, யா. தட்டியது அதற்குப் பதிலாகத்தான். நாற்பது நாள் நோன்பான தவக்காலம் முழுக்கப் பூசையில் அந்த வார்த்தை கிடையாது, ஈஸ்டருக்குத்தான் திரும்பி வரும். ஆனால் ஈஸ்டர் பாட்டை முன்னாடியே பழகாமல் முடியுமா? அதற்குச் சம்பூர்ணம் கண்டுபிடித்த வழி இது. குழுவில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ் அகிலா, "கதவு சாத்தித்தானேக்கா இருக்குது, யார் கேக்கப் போறாங்க?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். "நம்ம காது தொறந்துக்கினுதானமா இருக்குது" என்றாள் சம்பூர்ணம்.

போன வருடம் தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, கீபோர்டு வாசிக்கும் ஜெயக்குமார் கைப்பழக்கத்தில் அல்லேலூயா மெட்டை எடுத்துவிட்டார். ஜனமும் பழக்கதோஷத்தில் கூடவே பாடிவிட்டது. சம்பூர்ணம் ஒருத்திதான் வாய் திறக்காமல் அவரைத் திரும்பிப் பார்த்தாள். வங்கியில் மேனேஜராக இருந்து எத்தனையோ பேரை மிரட்டுகிற மனிதர், அந்தப் பார்வைக்குக் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். இந்த வருடம் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முதல்நாளே கீபோர்டின்மேல் ஞாபகத்துக்குத் தவக்கால நிறமான ஊதாவில் காகிதம் ஒன்றை ஒட்டிக்கொண்டார்.

சம்பூர்ணத்துக்கு ஐம்பத்து நான்கு வயது. செவிலிமேட்டில் வீடு. முந்தானையில் தொங்கும் பட்டு நூல்களைப் பிரித்து முடிச்சுப் போட்டுக் குச்சு கட்டுவது தொழில். காந்தி ரோட்டுக் கடை ஒன்றிலிருந்து வாரம் பதினைந்து சேலை வரும். பட்டு நூல் வழுக்கும், பாதி முடிச்சில் விட்டால் அவிழ்ந்துபோகும். அதனால் வாசலில் யார் வந்து கூப்பிட்டாலும் கையிலிருக்கும் முடிச்சை இறுக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். "வந்தவங்க நிப்பாங்க, பட்டு நிக்காது" என்பாள்.

முடிச்சுப் போடும்போதெல்லாம் பாட்டு. கனத்த குரல். அதைக் கேட்டுத்தான் டவுன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த தேவசகாயம் இருபத்தெட்டு வருடத்துக்கு முன் குழுவில் வந்து சேர்ந்தார், பிறகு கல்யாணமும் செய்துகொண்டார். "ரெண்டு பேரும் ஆம்பளக் குரல்ல பாடினா நாங்க எங்க போறது?" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். ஈஸ்டர் பாட்டின் கடைசி அல்லேலூயாவில் இவர் குரல் கீழே இறங்கும், அவள் குரல் மேலே ஏறும். அந்த ஒரு இடத்துக்காக வருடம் பூராவும் காத்திருக்கிற தம்பதி.

இந்த வருடம் தேவசகாயம் கட்டிலில் கிடக்கிறார். கல்லீரல். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் மாசி மாதமே அனுப்பிவிட்டார்.

"ஈஸ்டருக்கு எத்தினி நாள் இருக்குது சம்பூ?" என்று ஒரு புதன்கிழமை கேட்டார்.

"பதினெட்டு."

"அதுவரிக்கும் தாங்காதுமா. அந்தப் பாட்ட ஒருவாட்டி முழுசா பாடேன். தட்டாம."

"இன்னா அவசரம்? கோயில்ல நின்னு ரெண்டு பேரும் பாடிக்கலாம்."

"நான் வரமாட்டேன்னு உனுக்குத் தெரியும்."

"எனுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். நூலைப் பல்லில் கடித்து இழுத்தாள்.

நோயாளிக்கு நற்கருணை கொடுக்க வந்த பங்குச்சாமியார் முத்துக்குமாரிடமும் அவர் இதைச் சொல்லி முறையிட்டார். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது சாமியார், "பாடுங்கம்மா. அந்தச் சட்டம் பூசைக்குத்தான். வீட்டுக்கு இல்ல" என்றார்.

"தெரியும் ஃபாதர்."

"பிறகு ஏன்?"

தெருவில் போன டவுன் பஸ் ஒன்றைப் பார்த்துக்கொண்டே சம்பூர்ணம் சொன்னாள்: "இப்பவே பாடிட்டா, அந்த மனுஷன் எதுக்கு ஃபாதர் காத்துக்கினு இருப்பாரு?"

சாமியார் குடையை விரித்துக்கொண்டு போனார்.

அந்த வாரம் ஏகாம்பரநாதர் கோயில் உற்சவத்துக்காகப் பஸ்ஸை வேறு வழியில் சுற்றி விட்டார்கள். கூட்டத்துக்குள் புகுந்து, நாதஸ்வரத்தைக் கடந்து, நடந்தே பாட்டுப் பழக்கத்துக்குப் போய்வந்தாள். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் பதினான்கு நிலைக்கும் முழங்காலில் நின்று பாடினாள். வீடு திரும்பியதும் முதலில் கட்டிலைத்தான் பார்ப்பாள். போர்வை ஏறி இறங்கினால் போதும், பயம் அன்றைக்கு விட்டுப்போகும்.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முந்தின குருத்து ஞாயிற்றுக்கு முதல்நாள் மதியம், கட்டிலை ஒட்டிப் பாய் போட்டு அரக்குச் சேலை ஒன்றுக்குக் குச்சு கட்டிக்கொண்டிருந்தாள். தேவசகாயம் இரண்டு நாளாகப் பேசவில்லை. அவள் வாய் தன்பாட்டுக்கு ஈஸ்டர் பாட்டை முணுமுணுத்தது. அந்த இடம் வந்ததும் நிறுத்தினாள். இரண்டு கையிலும் நூல் இருந்ததால் தட்ட முடியவில்லை.

கட்டில் சட்டத்தில் விரல் தட்டும் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. வெகு நேரம் கழித்து மூன்று.

நிமிர்ந்து பார்த்தாள். அவர் கண் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. நான்காவதுக்கு விரல் எழும்பவில்லை.

கையிலிருந்த பாதி முடிச்சை அப்படியே விட்டாள். பட்டு பிரிந்து பாயில் சரிந்தது. கட்டிலில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டை முதல் வரியிலிருந்து எடுத்தாள். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது, அவள் நிறுத்தவில்லை. அந்த இடம் வந்தது. பழக்கத்தில் அவர் விரல் தட்டுவதற்கு மெல்ல அசைந்தது.

அது தட்டிவிடாதபடி அவர் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து அந்த வார்த்தையைப் பாடினாள்.