ரெட்டை நாக்கு அக்காவின் சந்தேகம்

மருத்துவமனையில் அவரை எல்லோரும் ரெட்டை நாக்கு அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முதல்முறை கேட்பவர்களுக்கு அது வசவு போலத் தோன்றும். அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. "ஒரு நாக்கு வச்சிருக்கறவங்களே என்ன ஆட்டம் ஆடறாங்க. எனக்கு ரெண்டு, ஆடட்டும் விடு" என்பார்.

ஊர் மொழி பேசும் டாக்டருக்கும், வேலை தேடி இங்கே வந்து இன்னும் அந்த மொழி பிடிபடாத நோயாளிக்கும் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இவர் பேச்சை அவருக்கும் அவர் பேச்சை இவருக்கும் மாற்றிச் சொல்வது அவர் வேலை. வயது அறுபத்தாறு. ஓய்வு பெற்ற பிறகும் ஒப்பந்தத்தில் வைத்திருந்தார்கள்.

அந்த இன்னொரு மொழியை அவர் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. கணவர் அந்த மொழிக்காரர், துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக்காக இங்கே வேலைக்கு வந்தவர். கூடவே வந்த மாமியார் கடைசி வரை ஊர் மொழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. "அவங்க திட்டறாங்கன்னு புரியுது, என்ன சொல்லித் திட்டறாங்கன்னு புரியல. அது இன்னும் கொடுமைம்மா. ஒரே வருஷத்துல கத்துக்கிட்டேன். அடுத்த வருஷம் பதில் சொல்ல ஆரம்பிச்சேன்" என்றார் என்னிடம்.

நான் அவரைச் சந்தித்தது அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில். அறுபதைக் கடந்தவர்களின் மூளை அமைப்புக்கும் செயல் நினைவுக்கும் உள்ள தொடர்பைப் பார்க்கும் ஆய்வு ஒன்றில் நான் உதவியாளர். செயல் நினைவு என்பது பழைய கதைகளைச் சேர்த்து வைக்கும் நினைவு அல்ல. இப்போது காதில் விழுந்ததை நழுவ விடாமல் பிடித்துக்கொண்டு, அதை வைத்தே ஒரு வேலையும் செய்வது. ஒருவர் சொன்ன வழியில் போய்விட்டுத் திரும்பும்போது, அவர் சொன்ன இடது வலதுகளை மனசுக்குள் தலைகீழாக மாற்றிக்கொள்கிறோமே, அதுபோல. வயதாக ஆக, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி மெல்ல மெலிகிறது. இந்தப் பிடியும் தளர்கிறது. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் அல்ல. ஏன் என்பதுதான் எங்கள் கேள்வி.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இந்த வேலையை அப்பாவுக்கு விளக்கியபோது, "அப்ப தலைக்குள்ள படம் புடிச்சு, இவனுக்கு ஞாபகம் இருக்கு, இவனுக்குப் போச்சுன்னு சொல்லிடுவீங்க?" என்றார். அப்படி இல்லை என்று சொல்லும்போது, நான் படித்ததில் பாதி குறைந்துவிட்டதுபோல இருந்தது.

ரெட்டை நாக்கு அக்காவும் அதே கேள்வியோடுதான் வந்திருந்தார். பொதுவாக எங்களிடம் வருபவர்கள் விளம்பரத்தைப் பார்த்தோ, பொழுது போகாமலோ வருவார்கள். அவர் வந்த காரணம் வேறு.

அறுவை சிகிச்சைப் பிரிவில் ஒரு டாக்டர் இருந்தார். செவிலியர்கள் வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். எந்த ஸ்டேஷனிலும் நிற்க மாட்டார். சில வாரங்களுக்கு முன், குடலிறக்க ஆபரேஷனுக்காக ஒரு வெல்டர் அவரிடம் வந்தார். என்ன சாப்பிடலாம், எப்போது நிறுத்த வேண்டும், எப்படிக் குளிக்க வேண்டும், எந்த மாத்திரையைத் தொடரலாம், ரத்தம் கட்டாமலிருக்கப் போடும் மாத்திரையை எப்போது விட வேண்டும், கூட யார் வர வேண்டும் என்று எல்லாவற்றையும் டாக்டர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அக்கா கேட்டு முடித்துவிட்டு, வெல்டரின் மொழியில் ஒரே மூச்சில் சொன்னார். டாக்டர் பேச்சை நடுவில் நிறுத்தியதே இல்லை என்பது அக்காவின் தொழில் பெருமை. நிறுத்தச் சொல்பவர்கள் அரைகுறைகள் என்பது அவர் கட்சி. கையில் கொடுத்த தாள் ஊர் மொழியில் இருந்ததால் வெல்டருக்கு அது வெறும் தாள்.

ஆபரேஷனுக்கு வந்த அன்று விசாரித்ததில், ரத்தம் கட்டாமலிருக்கப் போடும் மாத்திரையை முந்தின நாள் வரை அவர் விழுங்கியிருந்தார். வெட்டினால் ரத்தம் நிற்காது என்று ஆபரேஷன் தள்ளிப்போனது. டாக்டர் கத்தினார். அந்தக் கத்தலையும் அக்காதான் மாற்றிச் சொன்னார்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னோமேன்னு டாக்டர் கேட்டாரு. நானும் அவனைப் பாத்து, படிச்சுப் படிச்சுச் சொன்னோமேன்னு சொல்றேன். வாய் சொல்லுது, மனசு கேக்குது, சொன்னோமா? அந்த மாத்திரையை நான் சொன்னேனா? டாக்டர் சொன்னது காதுல இருக்கு. நான் சொன்னது இல்ல. அவன் பாட்டுக்கு மன்னிச்சுக்குங்க, மறந்துட்டேன்னு தலையைக் குனியறான். மறந்தது அவனா, நானா?"

யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. யாருக்கும் அந்தச் சந்தேகமே வரவில்லை. அதுதான் அவரைத் தின்றது. பிடி தளர்ந்துவிட்டது என்றால் அன்றைக்கே வேலையை விட்டுவிடுவதாக முடிவு செய்திருந்தார். அதைத் தெரிந்துகொள்ளத்தான் கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்தார்.

சோதனை அறை சிறியது. ஒரு மேசை, எதிரெதிரே நாற்காலி, சுவரில் ஒன்றும் கிடையாது. நான் எண்களைச் சீரான இடைவெளியில் வாசிப்பேன். கேட்பவர் அதைக் கடைசியிலிருந்து முதலுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் சில வரிசைகளை அவர் சரியாகச் சொன்னார். ஆனால் மாமியாரின் மொழியில் சொன்னார்.

"அம்மா, நான் சொன்ன மொழியிலேயே சொல்லுங்க."

"அப்படித்தானே சொல்றேன்?"

"இல்லம்மா. மாத்திச் சொல்றீங்க."

"அட கடவுளே! காதுல போனது இந்தப் பக்கமா வெளிய வந்தா அந்த மொழியாத்தான் வரும் போல. வீட்ல அவரு உப்பு குடுன்னா நான் அதையே மொழி மாத்தி உப்பு குடுன்னு திருப்பிச் சொல்றேன்னு திட்டுவாரு. இப்பத்தான் புரியுது."

இருவரும் சிரித்தோம். ஆனால் எனக்குச் சிக்கல். அந்தப் பதில்களைச் சரி என்று குறிப்பதா, தவறு என்றா? விதிமுறையில் அப்படி ஒரு பத்தியே இல்லை. பேராசிரியரிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, அந்த வரிசைகளை விட்டுவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னார்.

மறுபடி எடுத்தபோது, நீளமான வரிசைகளில் அவர் தடுமாறினார். முதல் எண்ணும் கடைசி எண்ணும் இருந்தன, நடுவில் இருப்பவை நழுவின. உதட்டைக் கடித்துக்கொண்டு மேசையையே பார்த்தார். ஒரு வரிசையின் நடுவில் எனக்கு இருமல் வந்துவிட்டது. இருமிவிட்டு மிச்சத்தை வாசித்தேன். அதைச் சட்டென்று தப்பில்லாமல் திருப்பிச் சொன்னார். இடைவெளி சீராக இல்லாததால் அந்த வரிசையை நான் செல்லாது என்று அடித்தேன்.

மூளையை ஸ்கேன் எடுத்த அன்று கணவரும் வந்தார். மனைவி இயந்திரத்துக்குள் போனதும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கதவிடுக்கில் வரும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார்.

"பேரிங் போன மாதிரி சத்தம் வருதே, மெஷின் நல்லாத்தான் இருக்கா?"

"அது அப்படித்தான் ஐயா சத்தம் போடும்."

"சரி. ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனக்காதீங்க. நான் சொல்றது எதுவுமே இவளுக்குக் கல்யாணமான நாள்லேருந்து ஞாபகம் இருந்ததில்ல. அதுக்கு ஏதாச்சும் படத்துல தெரியுமா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வேலையை விட்டுட்டா இவ ரொம்ப ஒடஞ்சு போயிடுவா. விடலேன்னாலும் ஒடஞ்சுதான் போயிட்டிருக்கா" என்றார்.

படங்களைப் பார்த்தேன். ஆபத்தாக எதுவும் இல்லை. நெற்றிப் பகுதி மெலிந்திருந்தது. அவர் வயதுக்கு அது அதிகமா, குறைவா என்றால், கூட்டத்தின் நடுவில் எங்கோ. ஆனால் அதைவிட மெலிந்த மூளையோடு அவரைவிட நன்றாகச் செய்தவர்கள் எங்கள் பட்டியலில் இருந்தார்கள். தடித்த மூளையோடு பாதியில் தடுமாறியவர்களும் இருந்தார்கள். நூற்றுக்கணக்கான பேரைச் சேர்த்துப் பார்த்தால்தான், மெலிய மெலியப் பிடியும் தளர்கிறது என்ற ஒரு சாய்வு தெரியும். ஒரே ஒரு ஆளைத் தனியாக நிறுத்தி வைத்தால் அந்தச் சாய்வு எதுவும் சொல்லாது.

அக்கா முடியைக் கட்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

"சொல்லும்மா. நான் வீட்டுக்குப் போகணுமா?"

"தனி ஆளோட முடிவை நாங்க சொல்றதில்லம்மா. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே சொன்னேனே."

"சொன்னே. அது எனக்கு ஞாபகம் இருக்கு. உனக்குத் தெரியும், ஆனா சொல்லக் கூடாது. அப்படித்தானே?"

விதி என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அது முழு உண்மை இல்லை.

"சொல்லலாம்னு விட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாதும்மா. அன்னிக்கு அந்த மாத்திரையை விட்டது நீங்களா, அவரான்னு இந்தப் படத்துல இல்ல. நாளைக்கு விடுவீங்களாங்கறதும் இல்ல."

"இவ்ளோ பெரிய மெஷினு."

"ஆமா."

"வெளிய உக்காந்திருக்காரே, அவரே தேவலை. பாத்த ஒடனே எந்த நட்டு லூசுன்னு சொல்லிடுவாரு." எழுந்து பையை மாட்டிக்கொண்டவர், கதவருகில் நின்றார். "ஆனா ஒண்ணும்மா. நீ அன்னிக்கு நடுவுல இருமினியே, அந்தத் தடவை மட்டும் அல்வா மாதிரி வந்துச்சு. பாதிப் பாதியா வந்தா புடிச்சுக்க முடியுது. அதை நீ என்ன பண்ணினே?"

"அடிச்சுட்டேன். கணக்குல சேராது."

"ஓ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நான் அடித்த அந்த வரிசையைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். அடித்தது முறைப்படி சரிதான். ஒருவருக்கு எவ்வளவு பிடிக்க முடியும் என்பதை அளக்கப் பயிற்சி எடுத்திருந்தேனே தவிர, எப்படிக் கொடுத்தால் பிடித்துக்கொள்வார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அது வேறு ஆய்வு என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தச் சமாதானம் எனக்கு இன்னும் முழுதாக ஒட்டவில்லை.

அடுத்த வாரம் அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வெல்டருக்குப் புதுத் தேதி குறித்திருந்தார்கள். மறுபடி அதே டாக்டர், அதே விளக்கம். "வந்து பாரு. அவன்கிட்ட கேட்டுட்டேன், வரட்டும்னான்" என்றார். அறையின் மூலையில் எடை பார்க்கும் கருவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். வெல்டர் கைகளை மடியில் வைத்து, இன்னொரு முறை திட்டு வாங்கத் தயாராக இருப்பவர்போல உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் உள்ளே வந்து உட்காரும் முன்பே பேச ஆரம்பித்தார். அக்கா கையைத் தூக்கினார்.

"டாக்டர், ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. போன தடவை அந்த மாத்திரை விஷயத்தை நான் சொல்லாம விட்டிருக்கலாம். சொன்னேனான்னு எனக்கே தெரியல. அவர் மேல மட்டும் பழி வேண்டாம்."

டாக்டர் அவரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "நீங்களா? நீங்க விட மாட்டீங்களே மேடம்."

"நானும் அப்படித்தான் நெனச்சுட்டிருந்தேன்."

இதை வெல்டரின் மொழியிலும் சொன்னார். வெல்டர் பதிலுக்கு ஏதோ சொன்னார். அக்கா எங்கள் பக்கம் திரும்பி, "எனக்கும் தெரியலைங்கறாரு. எல்லாரும் மறந்துட்டே மறந்துட்டேன்னதும், மறந்துதான் போயிருப்பேன்னு நம்பிட்டாராம். பொண்டாட்டியும் அதையே சொல்லிச் சொல்லிக் காட்டறாளாம்" என்றார்.

விளக்கம் தொடங்கியது. ஒவ்வொரு விஷயம் முடிந்ததும் அக்காவின் கை மேலே போனது. டாக்டர் நிற்க வேண்டியிருந்தது. அக்கா அதைச் சொல்வார். வெல்டர் அதைத் திருப்பிச் சொல்வார். சரியாக இருந்தால் கை கீழே இறங்கும். முதல் இரண்டு முறை டாக்டர் பொறுத்துக்கொண்டார்.

"மேடம், இப்படிப் போனா நான் எப்ப முடிக்கறது?"

"போன தடவை சீக்கிரமாத்தான் முடிச்சோம், டாக்டர்."

அவர் முகம் சிவந்தது. ஆனாலும் பேசினார். சாப்பாடு, குளியல் என்று வந்து, மாத்திரைகளுக்கு நடுவில் மறுபடி கை எழுந்தது. வெல்டர் திருப்பிச் சொன்னார், ஒரு சந்தேகம் கேட்டார், அது தீர்ந்தது. கை இறங்கியது. டாக்டர் வாயைத் திறந்தார், மூடினார்.

"எங்க விட்டேன்?"

அக்காவும் யோசித்தார். வாய் ஒரு வார்த்தைக்காகத் திறந்தது, வரவில்லை. மூலையில் நின்ற எனக்குத் தெரியும். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது.

"எனக்கும் ஞாபகம் இல்ல, டாக்டர்" என்றார் அக்கா, சாதாரணமாக, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதுபோல. "இருங்க, அவரையே கேப்போம்."

வெல்டரின் பக்கம் திரும்பி அவர் மொழியில் கேட்டார். வெல்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு விரலை மடக்கினார், அடுத்ததை மடக்கினார், மூன்றாவது விரலைப் பிடித்துக்கொண்டு டாக்டரைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்.