நான் போகும் பஸ்

கனடாவுக்கு வந்த புதிதில், என் சால்வையை பஸ் ஓட்டுநரிடம் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. பஸ் புறப்படும் இடத்திலேயே ஏறுகிறவள் நான். முன் இருக்கையில் சால்வையைப் போட்டுவிட்டுக் காபி வாங்க இறங்கினேன். திரும்பி வந்தால் அங்கே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். யாரோ மறந்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று சால்வையை ஓட்டுநரிடம் ஒப்படைத்திருந்தார். இடம் போட்டிருக்கிறேன் என்பதை எந்த இங்கிலீஷில் சொல்வது? 'தேங்க்யூ' என்று வாங்கிக்கொண்டு நின்றபடியே போனேன். தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாக விழும் ஒரு துண்டுக்கு உள்ள மரியாதையை உலகம் முழுக்க எதிர்பார்த்தது என் தப்புதான்.

ஊரில் நர்ஸாக இருந்தவள், இங்கே அதே வேலைக்காக மறுபடி மாணவி. கல்லூரிக்குப் போக ஒரு பஸ், ஒரு ரயில், இன்னொரு பஸ். காரில் போனால் பாதி நேரம்தான். பனி கொட்டினால் முதல் பஸ் தாமதமாகும், ரயில் தவறிவிடும். இன்னொரு முறை தாமதமாக வந்தால் இந்தப் பருவத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும் என்று ஆசிரியை சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டார். என் கணவர் அருள் ஒரு பழைய காரை வாங்கி நிறுத்தினார். கோடையிலேயே லைசென்ஸ் எடுத்திருந்தேன். ஆனாலும் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று கிடந்தேன். பஸ்ஸில் தூங்கலாம், படிக்கலாம். பஸ் சறுக்கினால் அது வேறொருவர் பொறுப்பு. அருள் வற்புறுத்தவில்லை. காரணம் அவருக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டாயிற்று. திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அண்ணன் டேவிட் தஞ்சாவூரில் கல்லூரி படித்தான். காலை டவுன் பஸ் நிரம்பி வழிந்து எங்கள் நிறுத்தத்தில் நிற்காமலே போகும். நின்றாலும் படியில்தான் தொங்க வேண்டும். படியில் தொங்குவதைவிட பைக் பத்திரம் என்று அப்பா முடிவு செய்தார். குறுவை நெல்லை விற்று வண்டி எடுத்துக் கொடுத்தார். தை மாதம், சம்பா அறுவடை நேரம். கண்டியூர் தாண்டி தார் ரோட்டில் பாதிக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். எதிரே லாரி வரவும், அண்ணன் நெல்லின்மேல் வண்டியை ஒதுக்கி பிரேக் பிடித்திருக்கிறான். சக்கரம் சறுக்கி லாரிக்கடியில் போய்விட்டான், அவ்வளவுதான். யாரைத் திட்டுவது? எங்கள் நெல்லும் அந்த ரோட்டில்தான் காயும். அந்த வருடம் அப்பா நெல்லை ஈரத்தோடு வந்த விலைக்குத் தள்ளினார். நான் அப்போது அழவில்லை. உள்ளே ஏதோ மரத்துப்போனது, இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது.

பனியில் ஓட்டப் பழக ஒரு பயிற்சியாளரிடம் போனேன். காலியான பார்க்கிங்கில் வேண்டுமென்றே காரைச் சறுக்கவிட்டுக் கற்றுக்கொடுத்தார். சறுக்கும்போது பிரேக்கை அழுத்தக் கூடாதாம். காலை எடுத்துவிட்டு, போக வேண்டிய பக்கம் பார்த்து ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டுமாம். உங்கள் ஊரில் ரோட்டில் பனி விழுமா என்று கேட்டார். பனி இல்லை, 'ரைஸ்' கிடக்கும் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இங்கே கல்யாணத்தில் மணமக்கள்மேல் அரிசி தூவுவது உண்டு.

"வெட்டிங்?" என்றார்.

"யெஸ்" என்றேன். விளக்க எனக்குத் தெம்பில்லை. பிரேக்கிலிருந்து காலை எடு என்பதை அண்ணனுக்கு யாரும் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். அதை நினைத்தபோதும் ஒன்றும் வரவில்லை. விரல்கள்தான் விறைத்திருந்தன.

அடுத்த வாரம் பனி கொட்டிய ஒரு காலையில் பஸ் வரவே இல்லை. நிறுத்தத்தில் நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பிச் சாவியை எடுத்தேன். வழியில் ஒரு திருப்பத்தில் பின்சக்கரம் இழுத்தது. காலை எடுத்தேன். கார் தானாக நேரானது. வகுப்புக்கு முன்பே கல்லூரி பார்க்கிங்கில் வந்து நின்றேன். எஞ்சினை அணைத்ததும் போன் அடித்தது. அப்பா. ஊரில் அப்போது சாயங்காலம்.

"பஸ்ஸு கெடச்சுதாம்மா?"

"கெடச்சுதுப்பா."

"ஒரு சத்தமும் காணுமே."

"இங்க பஸ்ஸுல யாரும் பேச மாட்டாங்கப்பா."

மாப்பிள்ளை கார் வாங்கியதைப் பற்றிக் கேட்டார். அவர் ஓட்டட்டும், நான் அதில் கை வைக்க வேண்டாம் என்றார்.

"ஒக்கார எடம் இருக்கா?"

"இருக்குப்பா. ஜன்னலோரம்."

"அப்ப சரி. எறங்குறப்ப படி வழுக்கும். பாத்து எறங்கு."

சரி என்று போனை வைத்தேன். கார் கதவைத் திறந்து, கம்பியைப் பிடிப்பதுபோல் கதவைப் பிடித்துக்கொண்டு, இல்லாத படியில் பார்த்து இறங்கினேன்.