ஸ்டெல்லாவின் ஃபோர்த் ஜென் லேப்டாப்

1. ஏறும், ஆனால்

விண்டோஸ் பத்துக்கு இனி அப்டேட் வராது என்று அறிவிப்பு வந்த சமயத்தில், மும்பையில் செம்பூர் ஸ்டேஷன் பக்கம் இருக்கும் என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் நிற்க இடமில்லை. மாட்டுங்காவிலிருந்து ஒரு ஆடிட்டர், தன் ஆபீஸ் மெஷின்கள் எல்லாம் அன்றைக்கே அணைந்துபோய்விடும் என்று பயந்து, டாக்ஸியில் சிபியுக்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அணையாது சார், ஓடிக்கொண்டுதான் இருக்கும், பாதுகாப்புதான் நாளுக்கு நாள் குறையும் என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றிப்போனது. அவர் நம்பவில்லை. டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விண்டோஸ் பதினொன்றை எல்லா மெஷினிலும் ஏற்றிவிட முடியாது. ப்ராசஸர் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருந்தால், ‘இந்தக் கம்ப்யூட்டரில் ஓடாது’ என்று சொல்லி செட்டப்பே நின்றுவிடும். தலைமுறையை நாங்கள் ‘ஜென்’ என்போம். எய்த் ஜென், ஃபோர்த் ஜென் இப்படி. அந்தச் சோதனையைத் தாண்டிப் போகிற மாதிரி ஒரு பென்டிரைவ் தயார் செய்ய வழி உண்டு. ரொம்பப் பழைய ப்ராசஸரில் அதுவும் பலிக்காது. புது விண்டோஸ் இடுகிற சில கட்டளைகள் அதற்குத் தெரியவே தெரியாது; திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும். ஃபோர்த் ஜென் நடுவில் மாட்டிக்கொண்டது. ஏற்றினால் ஏறிவிடும். ஓடுமா என்பது வேறு கேள்வி.

அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் ஸ்டெல்லா வந்தாள். சீத்தா கேம்பிலிருந்து பஸ் பிடித்து, ஒரு கையில் வெள்ளைக் கோல், தோளில் லேப்டாப் பை. பிறவியிலேயே பார்வை கிடையாது. பூர்வீகம் எங்கள் திருநெல்வேலிப் பக்கம் என்பது வாயைத் திறந்ததுமே தெரிந்தது. ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனில் அப்பாயின்ட்மென்ட் எடுத்துக் கொடுக்கும் கம்பெனியில் வேலை, வீட்டிலிருந்தே. ஒரு காதில் போன், அதில் நோயாளி பேசுவார். இன்னொரு காதில் லேப்டாப்பின் இயர்போன், அதில் ஸ்க்ரீன் ரீடர் பேசும். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் சாஃப்ட்வேர் அது. இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டே இந்தியிலும் தமிழிலும் பதில் சொல்லுவாள். என் காதுகளுக்கு என் வீட்டம்மா பேசுவதே ஒழுங்காக விழுவதில்லை.

கம்பெனி திட்டமாகச் சொல்லிவிட்டது. அடுத்த திங்கட்கிழமைக்குள் எல்லார் மெஷினிலும் பதினொன்று இருக்க வேண்டும். அன்றைக்கே ஒரு டெஸ்ட் கால் வரும். பேச்சுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் மார்க் போகும். ஃபெயில் ஆனால் கான்ட்ராக்ட் அதோடு முடிந்தது. கம்பெனி லேப்டாப் நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும்தான். வீட்டில் அவளும் அவள் அம்மாவும், வருமானம் இவளுடையது ஒன்றுதான்.

நான் அவள் மெஷினைத் திறந்து பார்த்தேன். ஃபோர்த் ஜென். இதை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடு, வாஷி ஆபீஸ் ஒன்றிலிருந்து எய்த் ஜென் லேப்டாப் ஒரு லாட் வந்திருக்கிறது, அதில் ஒன்றை எடுத்துக்கொள், பாக்கியை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒன்றை அவள் முன்னால் வைத்தேன். கீபோர்டில் விரல்களை ஓடவிட்டாள். மூலைக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள்.

“இன்சர்ட் கீ தனியா இல்லியே அண்ணாச்சி. இன்னொரு கீயப் பிடிச்சிக்கிட்டுல்லா அமுக்கணும். ஸ்க்ரீன் ரீடருக்கு எல்லாமே அந்தக் கீயிலதான். வேற கீயா மாத்தி வைக்கலாம், கை மாறுமா? திங்கக்கெழம பரிட்சய வச்சிக்கிட்டு?”

எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு கீக்காக இவ்வளவு பிடிவாதமா என்று நினைத்தேன். சரி, உன் இஷ்டம், வைத்துவிட்டுப் போ என்றேன்.

2. வேளாங்கண்ணி மாதா

ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டேன். ரேமைக் கூட்டினேன். பென்டிரைவைச் செருகி, சோதனையைத் தாண்டி, பதினொன்றை ஏற்றினேன். ஜம்மென்று ஏறியது. என் வேலையில் எனக்கு எப்போதும் கொஞ்சம் கர்வம் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. அந்தக் கர்வத்தில் அவளுக்காக இரண்டு காரியங்களைத் தனியாகச் செய்தேன். ஸ்க்ரீன் ரீடருக்கு, மனுஷி பேசுகிற மாதிரியே இருக்கும் புது ரகக் குரல் ஒன்றைப் போட்டேன். அதில் அவள் வைத்திருந்த பழைய குரல் மூக்கடைத்தவன் பேசுகிற மாதிரி இருந்தது. இரண்டாவது, சர்ச்சுக்குப் போகிற பிள்ளையாயிற்றே என்று, டெஸ்க்டாப்பில் வேளாங்கண்ணி மாதா படம் வைத்தேன். யாருக்காக வைக்கிறோம் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

மறுநாள் வந்து உட்கார்ந்தாள். இரண்டு மூன்று கீயை அமுக்கினாள், அவள் முகம் சுருங்கிவிட்டது.

“லேட்டா வருது அண்ணாச்சி.”

“எங்கம்மா லேட்டு? அமுக்குன ஒடனே தொறக்கு. என் கண்ணால பாக்கேன்.”

“நீங்க பாக்கிய. நான் கேட்டாத்தான எனக்குத் தொறந்த மாதிரி?”

எனக்குச் சுருக்கென்றது. ஒத்துக்கொள்ள மனசில்லை. பழைய மெஷினில் இதுக்கு மேல் எவனாலும் முடியாது, வேறு கடைக்குப் போய்க் கேட்டுப் பார் என்று சத்தமாகவே சொன்னேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்து போகவில்லை, பதிலுக்குக் கத்தவும் இல்லை. அண்ணாச்சி, நீங்கள் நோயாளி மாதிரி எனக்குப் போன் பண்ணுங்கள், முட்டுவலிக்கு டாக்டர் வேண்டும் என்று கேளுங்கள் என்றாள்.

சரி என்று கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றே போன் பண்ணினேன். வீட்டம்மாவுக்கு முட்டுவலி, எலும்பு டாக்டர், வியாழக்கிழமை சாயங்காலம் என்றேன். பெயர் கேட்டாள், சொன்னேன். டைப் அடித்தாள். பிறகு பேச்சே இல்லை. எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்று அந்த இனிமையான குரல் சொல்வதற்காக அவள் காத்துக்கொண்டிருந்தாள். கைக்கு எட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், அவள் காத்திருப்பதை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அப்படியும் என் வாயிலிருந்தே, “ஹலோ, லைன்ல இருக்கீங்களா?” என்று வந்துவிட்டது.

ஸ்டெல்லா இயர்போனைக் கழற்றிவைத்தாள்.

“இந்த ஹலோவுக்குத்தான் அண்ணாச்சி வேல போவும்.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.

3. எடுத்தவையும் எடுக்காததும்

ப்ராசஸரின் மூச்சு எங்கே போகிறது என்று டாஸ்க் மேனேஜரில் பார்த்தேன். அவள் ஒரு கீயை அமுக்கினால் போதும், நூறு சதவீதத்தில் போய் முட்டியது. எஸ்எஸ்டியும் ரேமும் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்முடைய தொழிலில் ஒரு நினைப்பு இருக்கிறது. சாமான் சீக்கிரம் வந்து இறங்கினாலும், அடுப்படியில் நிற்கிற ஆள் பழைய ஆள்தானே.

அதில் பெரிய பங்கைத் தின்றது நான் ஆசையாகப் போட்ட குரல். மனுஷக் குரல் மாதிரி ஏற்ற இறக்கத்தோடு வாக்கியத்தைத் தயார் செய்துவிட்டுத்தான் அது வாயைத் திறக்கும். பழைய குரலுக்கு அந்தச் சிரமமே இல்லை, வந்த எழுத்தை வந்தபடி ஒப்பித்துவிடும்.

“இது நல்லாத்தான் இருக்கு, ரேடியோவுல நியூஸ் வாசிக்க மாதிரி,” என்றாள். “எனக்கு என் தகர டப்பாவையே போட்டுருங்க.”

போட்டேன். பாதி வியாதி அப்போதே போய்விட்டது. மீதிக்கு, ஒவ்வொன்றாக நான் பெயரைச் சொல்ல அவள் வேண்டும், வேண்டாம் என்றாள். ஜன்னல்கள் வழுக்கிக்கொண்டு வந்து திறக்கிற அலங்காரம், கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிற பட்டை, நிழல், ஓரத்தில் ஓடுகிற செய்தியும் வானிலையும். எல்லாம் கண்ணுக்கு. வெளியே போ, வெளியே போ என்று அணைத்துக்கொண்டே வந்தேன். அந்த வேகத்தில் விண்டோஸ் எழுப்புகிற சின்னச் சின்ன சத்தங்களையும் அணைக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்துவிட்டாள். “சத்தத்துல கை வைக்காதிய அண்ணாச்சி. தப்பு நடந்தா எனக்கு அதுதான் சொல்லும்.”

டெஸ்க்டாப் படத்துக்கு வந்தபோது கொஞ்சம் தயங்கினேன். பிறகு உள்ளதைச் சொல்லிவிட்டேன். ஸ்டெல்லா விழுந்து விழுந்து சிரித்தாள்.

“மாதாவ நான் கோயில்ல பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி. இங்கன அவங்களும் ப்ராசஸரத் தின்ன வேண்டாம்.”

ஒரு படம் ஒன்றும் பெரிதாகத் தின்றுவிடாது. இருந்தாலும் எடுத்துவிட்டு வெறும் கறுப்பு வைத்தேன்.

ஒன்றை மட்டும் எடுக்கவில்லை. வைரஸ் காவல் ப்ராசஸரைக் கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும். வேகத்துக்காக அதை அணைத்துக் கொடுக்கிற கடைகள் உண்டு. நோயாளிகளின் பெயரும் போன் நம்பரும் போய் வருகிற மெஷின், அணைக்க மாட்டேன் என்றேன். அப்டேட்டையும் நிறுத்தவில்லை, டியூட்டி முடிந்த பிறகு வருகிற மாதிரி நேரத்தை மாற்றி வைத்தேன். இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னேன். இது அனுமதி இல்லாத ப்ராசஸர், அடுத்த பெரிய பதிப்பு தானாக வராது, என்றைக்காவது ஒருநாள் விண்டோஸ் கம்பெனி கதவை மொத்தமாகவே சாத்திவிடலாம். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம், இப்போதைக்குத் திங்கட்கிழமை என்றாள்.

4. திங்கட்கிழமை

டெஸ்ட் காலை என் கடையில் வைத்தே எடுக்கிறேன் என்று வந்துவிட்டாள். நடுவில் ஹேங் ஆனால் அண்ணாச்சி பொறுப்பு என்று ஒரு மிரட்டல் வேறு. பாதி ஷட்டரை இறக்கி, வந்தவர்களை வெளியே நிற்கச் சொன்னேன். ஸ்டெல்லா ஸ்க்ரீன் ரீடரில் ஏதோ ஒரு கீயை அமுக்கினாள், திரை இருண்டுவிட்டது. நோயாளி விவரம் பக்கத்தில் இருப்பவர் கண்ணில் படக்கூடாது என்று வேலை நேரத்தில் எப்போதும் அப்படித்தானாம். எனக்குப் பார்க்க ஒன்றுமே இல்லாமல் போயிற்று. இயர்போனுக்கு வெளியே கசிந்த அந்தத் தகரக் குரலோ பட்டாணி பொரிகிற வேகத்தில் ஓடியது. ஒரு வார்த்தை பிடிபடவில்லை.

போன் வந்தது, மறுமுனைப் பேச்சு எனக்கும் கேட்டது. சோதிக்கிற மேடம், அப்பாவின் நெஞ்சுவலிக்கு டாக்டரைத் தேடுகிற மகள் மாதிரி இந்தியில் பேசினார். புதன்கிழமை என்றார். பிறகு வேண்டாம், வெள்ளி என்றார். டாக்டரை மாற்றினார், சாயங்காலம் முடியாது, காலையில் வேண்டும் என்றார். வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்று எனக்கே புரிந்தது. ஸ்டெல்லாவின் விரல்கள் நிற்கவில்லை. ஒவ்வொரு கேள்வி முடிகிறபோதும் பதில் தயாராக இருந்தது. லேப்டாப் ஃபேன் இரைய ஆரம்பித்தது. நான் வேஷ்டி நுனியைக் கையில் முறுக்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அந்தக் கிழட்டு ப்ராசஸரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அப்பாயின்ட்மென்ட் முடிந்தது. மேடம் தன் சொந்தக் குரலுக்கு வந்து, ஓகே ஸ்டெல்லா, நாளையிலிருந்து லாகின் பண்ணிக்கொள், புது லேப்டாப்பா என்று கேட்டார். இல்லை மேடம், பழையதுதான், ரிப்பேர் பண்ணியிருக்கிறது என்றாள்.

போனை வைத்ததும் வீட்டுக்குக் கூப்பிட்டாள். நம்பரை அமுக்க இரண்டு தடவை தப்பிப்போய், மூன்றாவது தடவை அவள் அம்மாவுக்கு லைன் கிடைத்தது.

“எம்மா, வேல இருக்கும்மா,” என்றாள். அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள். அந்தப் பக்கமும் அழுகைதான் கேட்டது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது. நான் ஷட்டரைத் தூக்கிவிட்டு வெளியே போய் நின்றேன்.

பழைய ப்ராசஸரில் புது விண்டோஸ் ஏறுமா என்று உங்களிடம் யாராவது கேட்டால், உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் வேலையை உங்கள் முன்னால் உட்கார்ந்து செய்யச் சொல்லுங்கள். அன்றிலிருந்து என் கடையில் அதுதான் டெஸ்டிங். ஓடுகிறது என்று கஸ்டமர் வாயால் சொன்ன பிறகுதான் மெஷினைப் பையில் போடவிடுகிறேன்.