அக்கா மகனைப் பேசவைக்கப் பட்ட பாடு

அக்கா காய்ச்சலில் செத்துப்போனபோது அவள் மகன் வேலுவுக்கு நாலு வயது. அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. கடல் தாண்டி சைகோனில் வேலை பார்த்த அவன் அப்பா, ஊமைப் பிள்ளை தனக்கு வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார். என்னிடம் தங்கிவிட்ட அவனை எப்படியாவது பேசவைத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி வந்தது.

பாகூர் வயலில் நடவு முடித்து வந்ததும் அவனை எதிரே உட்கார வைப்பேன்.

"அம்மா சொல்லுடா."

அவன் என் வாயையே பார்ப்பான். பேச்சு வரும் என்று நாக்கில் வசம்பு தேய்த்தேன், கெஞ்சினேன், கத்தினேன்.

"உங்கூட மல்லுக்கட்டியே என் உசுரு போவுதுடா!"

ஒருநாள் பொறுக்காமல் முதுகில் ஒன்று வைத்துவிட்டேன். என்னோடு நடவுக்கு வரும் அஞ்சலை ஓடிவந்து அவனைத் தூக்கிக்கொண்டாள்.

"இன்னாடி பண்ற? அவன் அம்மான்னு கூப்ட்டா யாருடி வரப்போறா?"

கூப்பிட்டாலும் வராத ஒருத்தியைக் கூப்பிடச் சொல்லித்தான் பிள்ளையைத் தினமும் வதைத்திருக்கிறேன்.

மறுநாள் அவன் கூழ்ச்சட்டியைக் காட்டினான். வழக்கம்போல் உடனே ஊற்றாமல், "கூழு" என்று ஒரு தடவை சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். காலை உதைத்து அழுதான். எனக்கும் எரிச்சல்தான். கடைசியில் "கூ" என்றான். உடனே ஊற்றினேன்.

இன்றும் ஒவ்வொரு வார்த்தைக்கும் எங்களுக்குள் சண்டைதான். அம்மா என்று மட்டும் நான் சொல்லச் சொல்வதில்லை. வேலை மும்முரத்தில், அவள் இல்லை என்பதை மறந்து, "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டு, பதில் வராமல் நானே நின்றிருக்கிறேன்.